காற்றுப்பை எதற்குத் துணை?

கொல்கத்தாவின் தென்பகுதியில், கோல்பார்க்கிலிருந்து வரும் சாலை ரயில் பாதையைத் தாண்டி இறங்கும் இடத்தில் டாக்குரியா தொடங்குகிறது. மாலை வேளைகளில் அந்த மேம்பாலத்தின் இறக்கத்தில் வாகனங்கள் நடைவேகத்தில்தான் நகரும். காருக்குள் இருப்பவர்களை நிதானமாகப் பார்க்க அது போதிய அவகாசம் தருகிறது. செயலிவழி அழைக்கப்படும் வாடகைக் கார்களில் ஓட்டுநரின் மார்புக்குக் குறுக்கே சீட் பெல்ட் எனப்படும் இருக்கைப்பட்டை தெரிகிறது. சிலவற்றில் அது தோளில் தொங்குகிறதே தவிர இடுப்பருகே பூட்டில் செருகப்படவில்லை. போக்குவரத்துக் காவலர் நிற்கும் சந்திப்பு நெருங்கினால் கை பட்டையை இழுத்துப் பிடிக்கிறது, கடந்ததும் விட்டுவிடுகிறது. பின்னிருக்கையில் பட்டையைத் தேடும் பயணிக்குப் பல நேரங்களில் அதன் பூட்டே அகப்படுவதில்லை. இருக்கைக்குப் போர்த்திய ரெக்ஸின் உறைக்கு அடியில் அது புதைந்து கிடக்கிறது. இதே கார்களின் ஸ்டீரிங் வளையத்தின் நடுவில் ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த மூன்றெழுத்துச் சுருக்கத்தை விரித்தால் ‘சப்ளிமென்டல் ரெஸ்ட்ரெயின்ட் சிஸ்டம்’ என்று வரும். தமிழில் ‘துணைக் காப்பமைப்பு’ எனலாம். துணை என்றால் எதற்குத் துணை? பட்டைக்குத் துணை. காற்றுப்பையின் பெயரிலேயே அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சுருக்கெழுத்துகளுக்கு ஓர் இயல்பு உண்டு: நாளடைவில் அவை தம் பொருளைத் தாமே விழுங்கிவிடும். இன்று எவரும் அந்த மூன்றெழுத்தை விரித்துப் படிப்பதில்லை. எஞ்சியிருப்பது ‘ஏர்பேக்’ மட்டுமே. துணையாக வந்த ஒன்று, முதற்காப்பு இன்றியே தனித்து நின்று உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கை வாங்குவோர் மனத்தில் வேரூன்றிவிட்டது.

செய்தித்தாள்களின் மொழியும் இந்த நம்பிக்கைக்கு உரமிடுகிறது. விபத்துச் செய்திகளில் ‘ஏர்பேக் விரிந்ததால் உயிர் தப்பினார்’ என்பது ஏறக்குறைய ஒரு வாய்பாடு. இதில் வரும் ‘ஆல்’ என்னும் உருபு காரணத்தை ஐயத்திற்கு இடமின்றி ஒரே பொருளின் மீது ஏற்றுகிறது. இருக்கைப்பட்டைக்கு இத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. அது செய்தியில் தோன்றுவது பெரும்பாலும் எதிர்மறையில்தான்: ‘சீட் பெல்ட் அணியாததால் உயிரிழந்தார்’. பிழைத்தவரின் கதையில் காற்றுப்பையும் இறந்தவரின் கதையில் பட்டையும் இடம்பெறுவதை நாள்தோறும் படிப்பவர், பிழைப்பிற்குப் பட்டையும் காரணமாயிருக்கலாம் என்று எண்ண வழியே இல்லை.

காற்றுப்பை பயனற்றது என்று எவரேனும் வாதிட்டால் அது பிழை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, 1987 முதல் 2017 வரை முன்புறக் காற்றுப்பைகள் அந்நாட்டில் 50,457 உயிர்களைக் காத்துள்ளன. நேருக்கு நேரான மோதல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓட்டுநர் இறப்பு 29 விழுக்காடு குறைகிறது. எல்லா வகை மோதல்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை மாறுகிறது. பக்கவாட்டில் இடிபடும்போதும், வாகனம் உருளும்போதும், பின்னாலிருந்து மோதப்படும்போதும் ஸ்டீரிங்கில் உள்ள பையால் ஆவது சிறிதே.

அந்த நிர்வாகம் பயன்படுத்தும் விகிதங்களை ஓர் எளிய கணக்காக மாற்றிப் பார்க்கலாம். எந்தக் காப்பும் இல்லாத நிலையில் விபத்தில் இறந்திருக்கக்கூடிய 100 கார் ஓட்டுநர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குத் தோள்பட்டையும் இடுப்புப்பட்டையும் சேர்ந்த இருக்கைப்பட்டை மட்டும் இருந்திருந்தால் 45 பேர் பிழைத்திருப்பர். காற்றுப்பை மட்டும் இருந்து, பட்டை அணியாதிருந்தால் 14 பேர் பிழைத்திருப்பர். இரண்டும் இருந்தால், பட்டை காக்கத் தவறிய 55 பேரில் மேலும் 11 விழுக்காட்டினர், அதாவது ஆறு பேர், காற்றுப்பையால் பிழைப்பர். மொத்தம் 51. பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள வேதிப்பொருளும் உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து தனியே 14 பேரைக் காக்க, ஒரு நெய்த நாடாவும் பூட்டும் 45 பேரைக் காக்கின்றன.

இத்தகைய விகிதங்களை எப்படிக் கண்டறிகிறார்கள் என்பது ஆய்வுமுறையில் ஈடுபாடு உள்ளவர்களுக்குச் சுவையான செய்தி. விபத்துகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. வேகம், எடை, மோதிய பொருள், வயது எல்லாம் மாறுபடும். இந்தச் சிக்கலைக் கடக்க லெனார்ட் எவன்ஸ் என்னும் ஆய்வாளர் 1980-களில் ஒரு வழி கண்டார்: ஒரே காரில் அருகருகே அமர்ந்திருந்த இருவரை ஒப்பிடுவது. மோதலின் கடுமை இருவருக்கும் பொது. ஒருவருக்குக் காப்பு இருந்து மற்றவருக்கு இல்லாத கார்களையும், இருவருக்கும் இல்லாத கார்களையும் போதிய எண்ணிக்கையில் திரட்டினால் காப்பின் தனிப்பயன் புலப்படும். ஓட்டுநருக்கு மட்டும் காற்றுப்பை வைத்து விற்கப்பட்ட கார்கள் இவ்வகை ஒப்பீட்டுக்கு ஏற்றவை. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை சட்டம் கேட்டதும் அத்தகைய கார்களைத்தான்.

பட்டைக்கும் பைக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? விடை காலத்தில் இருக்கிறது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதினால், ஏறக்குறைய ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அது நின்றுவிடும். கார் நிற்கும், பட்டை அணியாத உடல் நிற்காது. அது அதே 48 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பயணம் செய்யும். மோதல் தொடங்கிய சில மில்லி விநாடிகளில் உணரி அதனை அறிந்து, ஊதுகருவியில் உள்ள வேதிப்பொருள் எரிந்து, உண்டாகும் வாயு பையை நிரப்புகிறது. எல்லாம் முடிய ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு போதும். கண் இமைப்பதற்கு அதைவிட நேரமாகும். அதற்காகப் பை வெளிப்படும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை எட்டக்கூடும்.

உடல் சேர வேண்டியது முழுவதும் விரிந்து, துளைகளின் வழியே வாயு வெளியேறத் தொடங்கிய பையை. அப்போதுதான் அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும் பையை முகமோ நெஞ்சோ எதிர்கொண்டால் அது குத்து. பட்டை செய்யும் வேலை, உடலை இடுப்பிலும் நெஞ்சிலும் பிடித்து நிறுத்தி, பை விரியும்வரை இடைவெளியைக் காப்பது. பட்டை இல்லாதவர், அதிலும் மோதலுக்கு முன் பிரேக் அழுத்தியதால் ஏற்கெனவே முன்னே சரிந்தவர், பை விரியுமுன் அதன் வாயிலுக்கே சென்றுவிடுகிறார். நெஞ்செலும்புக்கும் ஸ்டீரிங் நடுப்பகுதிக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண் ஓட்டுநர்கள், மிதிகளை எட்டுவதற்காக இருக்கையை முன்னே இழுத்துக்கொள்ளும்போது இந்த இடைவெளி சுருங்குகிறது. காற்றுப்பை சரியாக விரிந்தாலும் முன்கையில் சிராய்ப்பு, தீக்காயம், கண்ணில் காயம் ஆகியவை நேர்வதுண்டு; தலையும் நெஞ்சும் தப்புவதற்கு அது தாங்கத்தக்க விலை. கால்களுக்கோ அந்தப் பையால் பயனில்லை.

அமெரிக்க வரலாறு இதனை விலை கொடுத்துக் கற்றது. அங்கே காற்றுப்பை முதலில் எண்ணப்பட்டது துணையாக அன்று, பட்டைக்கு மாற்றாக. பட்டை அணிய மறுக்கும் மக்களை அவர்கள் ஒத்துழைப்பின்றியே காக்கும் கருவி என்பதே அன்றைய வாதம். 1970-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய 10,000 கார்களைக் காற்றுப்பையுடன் விற்றுப் பார்த்துப் பின்வாங்கியது. 1984-இல்கூட அந்நாட்டில் பட்டை அணிந்தவர்கள் ஏழில் ஒருவர் மட்டுமே. ஆகவே சோதனை விதியும் பட்டை அணியாத சராசரி ஆணின் உடலளவுப் பொம்மையை 48 கிலோமீட்டர் வேக மோதலில் பை தடுத்து நிறுத்த வேண்டும் என்று கேட்டது. அவ்வளவு எடையைத் தனியே தாங்க வேண்டுமானால் பை மிகுந்த விசையுடன் விரிய வேண்டும். அந்த விசையின் எதிரே குழந்தைகளும் அமர்ந்தார்கள். 1990 முதல் 2008 வரை, பிழைத்திருக்கக்கூடிய குறைவேக மோதல்களில் காற்றுப்பையின் விசையாலேயே 290-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பட்டை அணியாதவர்கள் அல்லது சரியாக அணியாதவர்கள். இறந்த பயணிகளில் பெரும்பான்மையினர் குழந்தைகள். 1997-இல் விதி தளர்த்தப்பட்டு விசை குறைந்த பைகள் வந்தபின் இவ்விறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இதற்கிடையே ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே பையை, பட்டையை இறுக்கும் கருவியோடு இணைத்து, பட்டைக்குத் துணையாக விற்கத் தொடங்கியிருந்தது. ஸ்டீரிங்கில் உள்ள மூன்றெழுத்து அந்தச் சிந்தனையின் எச்சம்.

இந்தியா இந்த வாதத்திற்குள் தாமதமாகவே நுழைந்தது. கொல்கத்தாவின் அடையாளமான மஞ்சள் அம்பாசடர், அண்டை மாவட்டமான ஹூக்ளியின் உத்தர்பாராவில் 2014 மே மாதம்வரை உற்பத்தியானது. நகரெங்கும் ஓடிய அந்த மஞ்சள் டாக்சிகளில் காற்றுப்பை என்ற பேச்சே இல்லை. அதே ஆண்டின் ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு முடிவுகளை வெளியிட்டது. காற்றுப்பை இல்லாத ஐந்து வகைகளும் சுழியம் பெற்றன. அவற்றுள் ஃபோக்ஸ்வாகன் போலோ மட்டும் காற்றுப்பைகளுடன் மீண்டும் சோதிக்கப்பட்டு நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. இங்கே பலரும் கவனிக்கத் தவறிய வரி ஒன்று உண்டு. ஆல்டோ 800, நானோ, ஹூண்டாய் ஐ10 ஆகியவற்றின் உடற்கூடே நொறுங்கிவிட்டதால், அவற்றில் காற்றுப்பை பொருத்தினாலும் பெரிய பயன் இராது என்று அந்த அமைப்பு கூறியது. உடல் நின்று தாங்க இடமே இல்லாத கூட்டுக்குள் மெத்தை எதற்கு?

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. அந்த விதி காற்றுப்பையை மட்டும் கொண்டுவரவில்லை. முன்னிருக்கையில் உள்ளவர் பட்டை அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் அதே நாளில், அதே விதியின்கீழ்க் கட்டாயமாயிற்று. பையும் மணியும் இரட்டைப் பிள்ளைகள். சட்டத்தை வகுத்தவர்கள் இந்த இணைப்பின் காரணத்தை நன்கு அறிந்தே இருந்தார்கள். மக்கள் செய்தது வேறு: ஒரு பிள்ளையை வரவேற்று மற்றொன்றின் வாயை அடைத்தார்கள்.

வாயடைக்கும் கருவி ஓர் உலோக நாக்கு. பட்டையின் முனைக்குப் பதிலாக அதனைப் பூட்டில் செருகினால் மணி ஓய்ந்துவிடும். இணைய அங்காடிகளில் அது தாராளமாக விற்றது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. பாட்டில் திறப்பான் என்றும் சிகரெட் பற்றவைப்பான் என்றும் பெயர் சூட்டி இந்த நாக்கை விற்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பொருளுக்குப் பொய்ப்பெயர், அந்தப் பொருளின் பணியோ காரிடம் பொய் சொல்வது.

இந்தப் பொய்யின் விளைவு மணி ஓய்வதோடு நிற்பதில்லை. பல நவீனக் கார்களில் பூட்டில் உள்ள உணரியின் செய்தியைக் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கேட்கிறது. பட்டை அணியாதவருக்குக் குறைந்த கடுமையுள்ள மோதலிலேயே பையை விரிக்கவும், அணிந்தவருக்குச் சற்றுக் கூடுதலான கடுமை வரும்வரை பொறுக்கவும் அது கணக்கிட்டு வைத்திருக்கிறது. அமெரிக்க அளவில், சுவரில் மோதும் வேகமாகச் சொன்னால், முதலாவது ஏறத்தாழ மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர். இரண்டாவது 26 கிலோமீட்டருக்கு அருகில். உலோக நாக்கைச் செருகியவரைக் கார் பட்டை அணிந்தவராகவே எண்ணும். அத்தகைய காரில், இடைப்பட்ட வேகத்தில் மோதும்போது அவருக்குப் பட்டையும் இல்லை, பையும் விரியாது. பட்டையைப் பூட்டி அதன்மேல் அமர்ந்துகொள்ளும் பழக்கத்திற்கும் இதுவே பொருந்தும். டாக்குரியாவின் சாலைகளில் மோதல் நேர்ந்தால் அது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட வேகங்களில்தான் நேரும்.

2022 செப்டம்பர் 4 அன்று, மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் சுவரில் ஒரு மெர்சிடிஸ் கார் மோதியது. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அதில் இறந்தார். அவரும் அவருடன் இறந்த மற்றொருவரும் பின்னிருக்கையில் பட்டை அணியாமல் இருந்தவர்கள். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தனர். பாதுகாப்புக் கருவிகளுக்குக் குறைவே இல்லாத விலையுயர்ந்த வாகனம் அது. அடுத்த சில வாரங்கள் நாடெங்கும் பின்னிருக்கைப் பட்டையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அது விரைவில் எண்ணிக்கைப் பேச்சாக மாறியது: ஒரு காரில் இரண்டு பைகளா, ஆறு பைகளா?

ஆறு பைகளுக்கான வரைவு விதி அதே ஆண்டு ஜனவரியில் வெளியாகியிருந்தது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வரவேண்டிய அது ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அது கட்டாயமாக்கப்படாது என்று அறிவித்தார். ஆயினும் சந்தை தானாகவே அத்திசையில் நகர்ந்தது. ஹூண்டாய் 2023-லும் மாருதி தன் மலிவான கார்கள் சிலவற்றில் 2025-லும் ஆறு பைகளை அடிப்படை வகையிலேயே தரத் தொடங்கின. இது நல்ல மாற்றம்தான். தலையைக் காக்கும் பக்கவாட்டுப் பைகள், ஓட்டுநர் பக்கத்தில் இடிபடும் கார்களில் ஓட்டுநர் இறப்பை 37 விழுக்காடு குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் விளம்பரத்தில் ‘ஆறு’ என்ற எண் பெரிதாக அச்சிடப்படும்போது, அந்த ஆறும் துணை என்பதைச் சொல்ல இடம் கிடைப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 16,715 பேர் பட்டை அணியாதவர்கள். அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள்; ஏறக்குறைய அதே அளவினர் பயணிகள்.

(அதே ஆண்டு இறந்தவர்களில் 44 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர் நடந்து சென்றவர்கள். கார்க்காரர்களின் பாதுகாப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும்.)

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். 2024 டிசம்பரில் நவி மும்பையின் வாஷியில், முன்னே சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதி எழும்பிப் பின்னே வந்த காரின் முகப்பில் விழுந்தது. பின்னே வந்த காரில் காற்றுப்பை விரிந்து, முன்னிருக்கையில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். 1990-களில் அமெரிக்கா கண்ட அதே காட்சி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்வதை அன்பின் அடையாளமாகக் கருதும் சமூகத்தில், காற்றுப்பை கட்டாயமான நாள் முதலே இது உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். டாஷ்போர்டின் இடப்பக்கத்தில், பை வெளிவரும் மூடியின் மேலேயே ஒட்டப்படும் காளியும் பிள்ளையாரும் இதே கேள்விக்கு உரியவர்கள். அந்த வேகத்தில் தெய்வத் திருவுருவும் எறிபொருள்தான்.

கொல்கத்தாவுக்கே உரிய கவலை மற்றொன்று: ஈரப்பதம். டகாடா நிறுவனத்தின் ஊதுகருவிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தபோது சிதைந்து, மோதலின்போது அளவுமீறி வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி ஊதுகருவிகள் திரும்ப அழைக்கப்பட்டன. முதலில் அழைக்கப்பட்டவை புளோரிடா போன்ற ஈரமான கரையோர மாநிலங்களின் கார்கள். மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தியாவிலும் கார்களைத் திரும்ப அழைத்தன. ஆனால் அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போகிறது. காரோ மூன்றாவது கையில் ஓடுகிறது. பழைய கார் வாங்குவோர் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அடிச்சட்ட எண்ணை இட்டுப் பார்ப்பதும், சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைகிறதா என்று கவனிப்பதும் செலவற்ற செயல்கள். அந்த விளக்கு அணையாமல் நின்றால் பழுது உண்டு. எரியவே இல்லை என்றால் யாரோ அதை எரியாமல் செய்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

இந்திய விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து பதிவுசெய்யும் ‘ராஸி’ என்னும் தரவுத்திட்டம் 2011-இல் தொடங்கியது. கோயம்புத்தூரில் வேர்கொண்ட அது பின்னர் கொல்கத்தாவிற்கும் விரிந்தது. சிதைந்த காரில் பட்டையின் நாடாவில் இழுவைத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது இத்தகைய ஆய்வின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. மோதலின்போது உடலைத் தாங்கிய நாடாவில் அந்தத் தழும்பு விழும். உறைக்கு அடியில் கிடந்த நாடாவில் விழாது. ஓட்டுநரின் வாக்குமூலம் எதுவாக இருந்தாலும் நாடா வேறு கதை சொல்லும்.

பட்டை அணியாதவர்க்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. பின்னிருக்கையும் அதில் அடங்கும். ஆனால் டாக்குரியாவில் வாடகைக் காரில் ஏறும் பயணி அணிய விரும்பினாலும் பூட்டு அகப்படாதபோது அபராதம் யாருக்கு? வாடகைக் கார்கள் குறித்த காலத்திற்கு ஒருமுறை தகுதிச் சான்று பெற்றே ஓட வேண்டும். விளக்கு, பிரேக், புகை ஆகியவற்றைச் சோதிக்கும் அதே இடத்தில் பின்னிருக்கையின் பூட்டுகள் உறைக்கு மேலே இருக்கின்றனவா, அவற்றில் பட்டை செருகுகிறதா, முன்னிருக்கையின் மணி ஒலிக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பூட்டு புதைந்திருந்தால் சான்று இல்லை என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த மாதமே அந்த ரெக்ஸின் உறைகளில் பூட்டு வெளிவருவதற்கான துளைகள் தோன்றிவிடும்.